எண்ணும் அலகும் – 7: பெருக்குவதா, வகுப்பதா?

அமெரிக்க நடுநிலைப் பள்ளி வகுப்பறைகளில் அலகு மாற்றத்துக்கு ஒரு குறுக்குவழி சொல்லித் தருவார்கள். பெரிய அலகிலிருந்து சின்ன அலகுக்குப் போனால் பெருக்கு. சின்னதிலிருந்து பெரியதற்குப் போனால் வகு. 12 அங்குலம் ஓர் அடி, 3 அடி ஒரு கெஜம், 5,280 அடி ஒரு மைல் என்ற வாய்பாடு பிறந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த வாய்பாட்டோடு 4 குவார்ட் ஒரு கேலன் என்பதையும் இந்தக் குறுக்குவழியையும் மனப்பாடம் செய்த மாணவரிடம், 3 கேலன் பாலில் எத்தனை குவார்ட் என்று கேட்டால் 12 என்று சட்டென்று சொல்லிவிடுவார். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால், அலகு மாற்றத்தில் கணக்கு என்று சொல்லத்தக்க பகுதி இந்தப் பெருக்கலில் இல்லை. எந்த அலகில் அளப்பது என்று தீர்மானிப்பதிலும், இரண்டு அலகுகளுக்கு இடையிலான விகிதத்தைக் கையில் பிடித்துக்கொள்வதிலும்தான் இருக்கிறது. குறுக்குவழியை மட்டும் கற்றவர் எங்கெங்கே இடறுகிறார் என்று பார்த்தால் இது விளங்கும்.

குழப்பத்தின் வேர் எளியது. கேலனைவிடக் குவார்ட் சின்னது. 'சின்னதாக மாற்று' என்றதும் விடையும் சின்ன எண்ணாகத்தானே வரும் என்று பிள்ளை வகுக்கப் போகிறது. நடப்பதோ நேர்மாறு, அலகு சிறுத்தால் எண்ணிக்கை பெருகும். எட்டுப் படி கொள்ளும் மரக்காலால் அளந்த நெல்லையே படியால் அளந்தால் எட்டு மடங்கு அதிகமாக அள்ள வேண்டும்; நெல் ஒரு மணிகூடக் கூடியிருக்காது. இந்த எதிர்விகித உணர்வை ஊட்டுவதற்கு, 2010-இல் வெளியான 'காமன் கோர்' பாடத்தர வரையறை முறையாகப் படிக்கட்டு போட்டிருக்கிறது. இரண்டாம் வகுப்பில் ஒரே பொருளின் நீளத்தை இரண்டு வெவ்வேறு அலகுகளால் அளந்து, இரண்டு விடைகளும் ஏன் வேறுபடுகின்றன என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். நான்காம் வகுப்பில் பெரிய அலகைச் சின்ன அலகில் சொல்கிறார்கள். ஐந்தில் இரு திசையிலும் மாற்றுகிறார்கள். ஆறாம் வகுப்பில் அலகு மாற்றம் அளவைப் பாடத்தை விட்டே வெளியேறி, விகிதப் பாடத்துக்குள் குடியேறிவிடுகிறது. அந்த இடமாற்றத்தில்தான் செய்தி இருக்கிறது: இது இனி வாய்பாட்டு வேலையல்ல, விகிதச் சிந்தனை. ஆனால் ஆறாம் வகுப்பு மாணவர் பலர் நான்காம் வகுப்புக் கருவிகளோடுதான் அங்கே வந்து சேர்கிறார்கள். பெரிய 'ஜி' எழுத்துக்குள் நான்கு 'கியூ', ஒவ்வொரு 'கியூ'வுக்குள்ளும் இரண்டு 'பி', ஒவ்வொரு 'பி'க்குள்ளும் இரண்டு 'சி' என்று வரையும் படம் அவற்றில் பிரபலமானது. ஒரு கேலனில் 4 குவார்ட், 8 பைண்ட், 16 கப் என்பதை அது அழகாகக் காட்டிவிடும். கேலனைத் தாண்டினால் அதற்கு வேலையில்லை.

முதல் இடறல் பரப்பிலும் கன அளவிலும் நேர்கிறது. வீட்டின் பின்புறம் 12 அடி நீளம், 10 அடி அகலம், 4 அங்குல கனத்தில் கான்கிரீட் தளம் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் கான்கிரீட்டைக் கன கெஜக் கணக்கில் விற்கிறார்கள். எவ்வளவு வாங்குவது? கேள்விக்குள்ளேயே மூன்று அலகுகள் இருக்கின்றன. எதில் கணக்குப் போடுவது என்று எவரும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அங்குலமாக்கினால் 144 × 120 × 4 = 69,120 கன அங்குலம். ஒரு கன கெஜத்துக்கு 46,656 கன அங்குலம். வகுத்தால் ஏறக்குறைய 1.48 வரும். விடை சரிதான், ஆனால் வழியெல்லாம் முரட்டு எண்கள். 4 அங்குலம் என்பது மூன்றில் ஒரு பங்கு அடி என்று கண்டுகொண்டவருக்கு வேலை பாதி: 120 சதுர அடியில் மூன்றில் ஒரு பங்கு 40 கன அடி, அதை 27-ஆல் வகுத்தால் அதே 1.48. குறுக்குவழிக்காரரும் 40 வரை ஒழுங்காக வந்துவிடுவார். அதற்குமேல், 3 அடி ஒரு கெஜம் என்ற வாய்பாட்டை நம்பி 3-ஆல் வகுப்பார், 13.3 கன கெஜம் கிடைக்கும். ஒரு கலவை லாரி பொதுவாக ஏற்றிவரும் கான்கிரீட்டே சுமார் 10 கன கெஜம்தான். சின்னத் தளத்துக்கு லாரி நிறைய வந்தும் போதாது என்கிறது அவருடைய விடை. வகுக்க வேண்டும் என்று அவருடைய சூத்திரம் சொன்னது சரியே. எதனால் வகுப்பது என்பதை, கன கெஜம் எனப்படுவது மூன்று பக்கமும் மூன்றடி உள்ள ஒரு பெட்டி என்று கண்ணால் கண்டவர்தான் அறிவார்.

இரண்டாவது இடறல் வேகக் கணக்கில். மணிக்கு 60 மைல் என்றால் நொடிக்கு எத்தனை அடி? மைலிலிருந்து அடி, பெரியதிலிருந்து சின்னது; பெருக்கினால் மணிக்கு 3,16,800 அடி. அடுத்து மணியிலிருந்து நொடி. அதுவும் பெரியதிலிருந்து சின்னதுதான். சூத்திரப்படி 3,600-ஆல் பெருக்கினால் நொடிக்கு 114 கோடி அடிக்குமேல் வருகிறது. ஒளியே நொடிக்கு 100 கோடி அடியை எட்டாது; நெடுஞ்சாலையில் போகும் கார் ஒளியை முந்திவிட்டது! சரியான விடை 3,16,800-ஐ 3,600-ஆல் வகுத்து வரும் 88 அடி. இங்கே சூத்திரம் பாதிவழியில் கைவிடவில்லை, தலைகீழாகவே வழிகாட்டியது. ஏனென்றால் வேகத்தில் நேரம் பின்னத்தின் கீழே நிற்கிறது. விகிதமாகப் படித்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. 5,280 அடியும் ஒரு மைலும் ஒன்றே என்பதால், ஒன்றை மேலே வைத்து மற்றதைக் கீழே வைத்த பின்னத்தின் மதிப்பு 1. எதையும் 1-ஆல் பெருக்கினால் அளவு மாறாது. வேண்டாத அலகு மேலும் கீழும் அடிபட்டுப் போகும்படி அந்தப் பின்னத்தைத் திருப்பி வைத்தால் போதும். பெருக்கலா வகுத்தலா என்பதை அலகுகளே சொல்லிவிடும்.

கைபேசியில் தட்டினால் ஒரு நொடியில் விடை வருமே, இதையெல்லாம் பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி; பதிலை 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்த ஒரு சம்பவம் வைத்திருக்கிறது. மான்ட்ரியலிலிருந்து எட்மன்டனுக்குப் புறப்பட்ட ஏர் கனடா போயிங் 767 விமானத்தில் எரிபொருள் மானி வேலை செய்யவில்லை. கையால் அளந்து கணக்குப் போட்டார்கள். தேவை 22,300 கிலோ. தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். லிட்டரை எடையாக்க 1.77 என்ற எண்ணைப் பயன்படுத்தினார்கள். அது ஒரு லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற விகிதம். கிலோவில் சொன்னால் ஏறக்குறைய 0.8 மட்டுமே. பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழையே இல்லை. ஆனால் 20,000 லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் 5,000 லிட்டர்கூட நிரப்பாமல் விமானம் கிளம்பியது. நடுவானில் இரண்டு இன்ஜின்களும் நின்றன. விமானிகள் கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் சறுக்கியபடியே இறக்கி அனைவரையும் காப்பாற்றினார்கள். அந்த 1.77-ஐக் கைபேசியில் தட்டியிருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. விமான எரிபொருளோ தண்ணீரில் மிதப்பது. அது லிட்டருக்கு 1.77 கிலோ எப்படி இருக்க முடியும் என்ற ஒரு கேள்வி போதுமாக இருந்தது. கருவி கணக்குப் போடும். அந்தக் கேள்வியைக் கேட்பது மனிதரின் வேலை.

இன்னும் பலமான மறுப்பு ஒன்று உண்டு. இந்தக் கோணல் அளவைகளை மொத்தமாகக் கைவிட்டு மெட்ரிக் முறைக்குப் போய்விட்டால் தொல்லை தீர்ந்ததே! அமெரிக்கா இதை முயலாமல் இல்லை. 1866-லேயே மெட்ரிக் அளவைகளுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. 1893 முதல் அதன் கெஜமும் பவுண்டும் மீட்டரையும் கிலோகிராமையும் கொண்டே வரையறுக்கப்படுகின்றன. 1959 முதல் ஓர் அங்குலம் துல்லியமாக 2.54 சென்டிமீட்டர். 1975-இல் மெட்ரிக் மாற்றச் சட்டம் வந்தது. யாரையும் கட்டாயப்படுத்தாத அந்தச் சட்டத்தை நடத்திச் செல்ல அமைத்த வாரியம் 1982-இல் கலைக்கப்பட்டது. சாலைப் பலகையில் மைலும் கடைப் பாலில் கேலனும் இருக்கும்வரை பள்ளி அவற்றை விலக்க முடியாது. அறிவியலுக்கு மெட்ரிக்கே வசதி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், நான் சொல்லும் சிக்கல் மெட்ரிக்கிலும் தீராது. ஒரு சதுர மீட்டருக்கு 100 சதுர சென்டிமீட்டர் என்று எழுதும் மாணவர், கான்கிரீட்டை 3-ஆல் வகுத்தவரின் உடன்பிறப்புதான். சரியான விடை 10,000. மணிக்கு 90 கிலோமீட்டரை நொடிக்கு 25 மீட்டராக மாற்றவும் அதே 3,600 குறுக்கே நிற்கிறது. புள்ளியை இடம் நகர்த்தி விடை எழுதும் வசதி, விகிதம் புரியாததை மறைத்துவைக்கிறது. 12, 16, 5,280 போன்ற எண்கள் அதை மறைக்க விடுவதில்லை.

கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சூத்திரமாவது கைகொடுக்கிறதே என்று ஆசிரியர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஒற்றைப் படி மாற்றத்துக்கு அது கைகொடுக்கும்தான். ஆனால் அது கைவிடும் இடங்கள் பரப்பு, கன அளவு, வேகம் ஆகியவை, அதாவது ஆறாம் வகுப்புக்குப் பிறகு வரும் கணக்கின் பெரும்பகுதி. பின்தங்கிய பிள்ளைதான் அங்கே முதலில் விழும். ஏன் விழுந்தோம் என்றும் அதற்குத் தெரியாது. அலகின் பெயரை ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுதி, மேலும் கீழும் அடித்துக் கழிக்கும் பழக்கம் சூத்திரத்தைவிடக் கடினமானதல்ல. கொஞ்சம் மெதுவானது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டு வாசகருக்கும் இதில் பங்குண்டு. 66 அடிக்கு 660 அடி என்று இங்கிலாந்துச் சங்கிலியால் அளந்த ஏக்கர் அமெரிக்காவுக்குப் போனதுபோல இங்கும் வந்தது. அதன் நூறில் ஒரு பங்கான சென்ட், 435.6 சதுர அடி. 1956-இல் இந்தியா மெட்ரிக் முறைக்குச் சட்டம் இயற்றியது. பள்ளியும் மெட்ரிக்கையே கற்பிக்கிறது. நிலம் வாங்கப் போனாலோ பட்டாவில் ஹெக்டேர், ஏர், பேச்சில் சென்ட், விளம்பரத்தில் சதுர அடி. பட்டாவில் 4.05 ஏர் என்றிருப்பது 10 சென்ட்தானா என்று சரிபார்க்கத் தெரியாதவர் தரகரின் வாய்க்கணக்கை நம்ப வேண்டியதுதான்.

ஆகவே, மாற்ற வேண்டியது முதலில் கேள்வித்தாளை. '7 அடிக்கு எத்தனை அங்குலம்' என்ற வகைக் கேள்விகளைக் குறைத்து, அலகைச் சொல்லாமல் ஒரு வேலையைக் கொடுத்து, எந்த அலகில் அளப்பாய், ஏன் என்று கேட்கலாம்; அந்தத் தேர்வுக்கும் காரணத்துக்கும் பாதி மதிப்பெண் தரலாம். தவறான விடை ஒன்றைக் கொடுத்து, கணக்குப் போடாமலே அது ஏன் தவறு என்று சொல்லச் சொல்லலாம். இதுவரை பார்த்த எல்லா அலகுகளுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: சுழியம் எல்லாவற்றிலும் சுழியமே. சுழிய அடி என்றால் சுழிய மீட்டர்தான். வெப்பநிலையில் அப்படி இல்லை. சுழிய டிகிரி செல்சியஸ் 32 டிகிரி ஃபாரன்ஹீட். அங்கே பெருக்கலும் வகுத்தலும் மட்டும் போதாது, விகிதமே செல்லுபடியாகாது. அது அடுத்த வாரம்.