கருங்காலி மாலையும் பாரிஸ் தச்சர்களும்!

திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில், ருத்ராட்சத்துக்கும் ஸ்படிகத்துக்கும் பக்கத்தில் இப்போது கருங்காலி மாலையும் தொங்குகிறது. வாங்க நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஒரிஜினல்தானே?"

சுமார் 350 வருடங்களுக்கு முன்பு பாரிஸ் பணக்காரர்களுக்கும் இதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பிரெஞ்சு மொழியில் கருங்காலிக்கு 'எபென்' என்று பெயர். தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர் பக்கம் விளையும் இந்தக் கறுப்பு மரங்கள் கப்பலேறி ஐரோப்பா போயின. 17-ம் நூற்றாண்டில் பாரிஸில் அதை வைத்து அலமாரி செய்த தச்சர்களை 'எபெனிஸ்ட்' என்று அழைத்தார்கள். நம்மூர் பாஷையில் கருங்காலித் தச்சர்! பிறகு வேறு மரங்களுக்கு மாறியபோதும் பெயர் மட்டும் மாறவில்லை. உயர்ரக மரச்சாமான் செய்பவருக்கு இன்றும் அங்கே அதே பெயர்தான்.

கருங்காலி விலை அதிகம், கனமும் அதிகம். அதனால் முழு அலமாரியையும் அதில் செய்யாமல், மெல்லிய தகடாக அறுத்து சாதா மரத்தின் மேல் ஒட்டினார்கள். இன்று நம் வீட்டு பிளைவுட் கதவில் ஒட்டும் வினீர் இருக்கிறதே, அதே டெக்னிக். அந்தத் தகடுக்கும் வசதி இல்லாதவர்களுக்கு? பேரிக்காய் மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிக் கொடுத்தார்கள்.

இந்தத் தச்சர்களில் பெரிய ஸ்டார், 14-ம் லூயி மன்னரிடம் வேலை பார்த்த ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642-1732). ஆமை ஓட்டையும் பித்தளையையும் வெட்டிப் பொருத்திக் கோலம்போல இழைத்தவர். அவருக்குப் பின்னால் வந்த ரீஸ்னர், 1769-ல் முடித்துக் கொடுத்த 15-ம் லூயியின் எழுதுமேஜையை இன்றும் வெர்சாய் அரண்மனையில் பார்க்கலாம். 18-ம் நூற்றாண்டில் பாரிஸ் தச்சர் சங்கம், செய்தவர் பெயரை மரச்சாமானில் முத்திரையாகக் குத்த வேண்டும் என்று விதியே போட்டது. நகைக்கு ஹால்மார்க் மாதிரி.

நம் பக்கத்துத் தச்சர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சோழமண்டலக் கரையில் செதுக்கப்பட்ட கருங்காலி நாற்காலிகளை, 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர், 'பழைய இங்கிலாந்து நாற்காலி' என்று நம்பி வாங்கி வீட்டில் அடுக்கினார். செய்தவர் பெயர் எங்கேயும் இல்லை.

திருவண்ணாமலையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்குள்ள அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஆட்சிக்கால மரச்சாமான்கள் இருக்கின்றன. கவர்னர் டூப்ளே பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கட்டிலும் அதில் ஒன்று. லீவு நாளில் குழந்தைகளைக் கூட்டிப் போகலாம்.

சரி, மாலை விஷயத்துக்கு வருவோம். முற்றிய கருங்காலியின் வைரப்பகுதிதான் கறுப்பு. அது தண்ணீரில் மூழ்கும். ஆனால், கனமான வேறு மரத்துக்குச் சாயம் ஏற்றினாலும் மூழ்கும். ஒரு மணியை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெளுப்பா, கறுப்பா என்று தெரிந்துவிடும். காசு கொடுத்து வாங்கியதை யார் உடைப்பார்கள் என்பதுதான் பிரச்னை!