பெட்டியில் 5000 வாட்ஸ், காதுக்கு எத்தனை?

தீபாவளி நெருங்கிவிட்டால் மின்சாரக் கடைகளில் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். அட்டைப் பெட்டிகளில் '3000 வாட்ஸ்', '5000 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பெக்கோக் போன்ற சிற்றூர்களில் நாலைந்து செட்டுகளை அருகருகே வைத்துக் கேட்டுப் பார்க்க வசதி குறைவு. லாபிஸ், சிகாமட், குளுவாங் என்று போக வேண்டும். இல்லையென்றால் கைப்பேசியில் படத்தைப் பார்த்து வாங்க வேண்டும். தோட்டத்துச் சம்பளத்தில் மாதத் தவணை கட்டி வாங்கும் குடும்பத்துக்கு அந்த எண்தான் ஒரே சாட்சி. அதுவே பொய்ச்சாட்சி ஆகிவிட்டால்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சுவரில் உள்ள பிளக் தாங்குவது 13 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 2,990 வாட்ஸ். அந்த ஒரு பிளக்கிலிருந்து 5000 வாட்ஸ் ஓசை தொடர்ந்து எப்படி வரும்? செட்டின் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். மின் பயனீடு 60 அல்லது 100 வாட்ஸ் என்று சிறிய எழுத்தில் இருக்கும்.

முன்பக்க எண்ணின் பெயர் பி.எம்.பி.ஓ. கண்ணிமைக்கும் நேரத்தில் எட்டக்கூடிய உச்சத்தை, அவரவர் இஷ்டப்படி கணக்கிட்டுச் சொல்வது. அதற்குப் பொது அளவுகோல் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலைச் சொல்வது ஆர்.எம்.எஸ். இப்படிப்பட்ட எண் விளையாட்டு மிஞ்சிப்போனதால்தான், ஆம்பிளிஃபயரின் ஆற்றலை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று அமெரிக்கா 1974-இல் விதியே கொண்டுவந்தது.

உண்மையான வாட்ஸ்கூட முழுக் கதையைச் சொல்லாது. 50 வாட்ஸை 100 ஆக்கினால் ஓசை 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு ஆற்றல் தேவை. ஒரு வரவேற்பறைக்குச் சில வாட்ஸே போதும்.

காகிதமும் காதும்

1956-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவராக இருந்த அமர் போஸ், காகிதத்தில் சிறந்த அளவுகள் கொண்ட ஸ்டீரியோ ஒன்றை வாங்கினார். ஓசையோ ஏமாற்றம் தந்தது. ஏன் என்று ஆராயத் தொடங்கியவர், 1964-இல் சொந்த நிறுவனமே தொடங்கிவிட்டார்.

கண்ணும் காதை ஏமாற்றும். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் 40 பேரிடம் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்துக் கேட்கச் சொன்னபோது கிடைத்த மதிப்பெண் ஒன்று. கண்ணால் பார்த்தபோது கிடைத்தது வேறு. அளவும் விலையும் பிராண்டும் தெரிந்தவுடன் தீர்ப்பு மாறிவிட்டது.

'ஹை-ரெஸ்' முத்திரையும் அப்படித்தான். அது 40,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஓசையைப் பற்றிப் பேசுகிறது. மனிதக் காதின் எல்லை 20,000. வயது ஏற ஏற அதுவும் குறையும். நாம் கேட்கும் மின்னல் எஃப்.எம்., ராகா போன்ற பண்பலை ஒலிபரப்பு ஏறத்தாழ 15,000-உடன் முடிந்துவிடும்.

வாங்குமுன்

* நன்கு பழகிய பாடலைக் கொண்டுபோங்கள். பாடகரின் குரல், நாதஸ்வரம், மிருதங்கம் மூன்றும் தனித்தனியே தெளிவாகக் கேட்கிறதா?
* இரண்டு செட்டுகளை ஒரே சத்தத்தில் ஒப்பிடுங்கள். கொஞ்சம் உரக்கப் பாடுவதே நல்லதாகத் தோன்றும். விற்பனையாளருக்கு இது தெரியும்.
* சத்தத்தைக் குறைத்தும் கேளுங்கள். நல்ல ஸ்பீக்கர் மெதுவாகவும் தெளிவாகப் பாடும்.
* விலையுயர்ந்த ஒயர் வேண்டாம். நாலைந்து மீட்டருக்குச் சாதாரணச் செம்புக் கம்பி போதும்.
* சிரிம் முத்திரை மின் பாதுகாப்புக்கு. ஓசைத் தரத்துக்கு அது சான்று அல்ல.

வீட்டிலும் வேலை உண்டு. ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் பேஸ் உப்பி, குரல் அமுங்கும். ஓடு பதித்த தரையில் பாயும், ஜன்னலில் தடித்த திரையும் போட்டால் எதிரொலி தணியும். செலவு சொற்பம்; பலன் பெரிது.

விளம்பரத்தில் சொன்னது வேறு, வந்தது வேறு என்றால் ரசீதையும் பெட்டியையும் விளம்பரத்தின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். பொய்யான வர்த்தக விவரத்தை 2011-ஆம் ஆண்டு வர்த்தக விவரணச் சட்டம் குற்றமாக்குகிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை.

அடுத்த முறை கடைக்குப் போனால், பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். செட்டைத் திருப்பச் சொல்லிப் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள்.