சீட்டும் சிக்கனமும்

செலவு போக மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று காத்திருக்கும் குடும்பத்தில், மாத முடிவில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒன்றுமில்லை. இதனை நன்கறிந்த நம் முன்னோர், உலையில் இடுமுன்னரே ஒரு பிடி அரிசியை வேறு பானையில் எடுத்து வைத்தனர். பிடியரிசியின் தத்துவமே பணத்திற்கு வந்தபோது சீட்டாயிற்று. சீட்டுக் காசை முதலில் எடுத்து வைத்த பின்னரே ஏனைய செலவுகள் தொடங்குகின்றன.

பத்துப் பேர் கூடி மாதம் 5,000 ரூபாய் வீதம் கட்டினால் 50,000 ரூபாய் சேரும். திருவுளச்சீட்டில் பெயர் விழுந்தவர் அம்மாதம் அதனைப் பெறுவார். முதலிற் பெறுபவருக்கு அது வட்டியில்லாக் கடன். இறுதியிற் பெறுபவருக்கோ வட்டியில்லாச் சேமிப்பு. இவ்வேறுபாட்டைச் சமன்செய்ய எழுந்ததே ஏலச்சீட்டு. அவசரத் தேவையுடைய ஒருவர் 44,000 ரூபாய் போதுமென்று கேட்டால், அவர் விட்டுக்கொடுத்த 6,000 ரூபாய் பத்துப் பேருக்கும் பங்காகும். அம்மாதம் ஒவ்வொருவரும் 4,400 ரூபாய் கட்டினாற் போதும். ஆகவே, முந்தி எடுப்பவர் வட்டி கொடுக்கிறார்; பொறுத்திருப்பவர் அதனைப் பெறுகிறார்.

எனினும் சீட்டிற்கு இரு பகைகள் உண்டு. ஒன்று, நாணயக் குறைவு. சீட்டை எடுத்தவர் மறுமாதம் கட்டத் தவறினாலும், சீட்டைப் பிடிப்பவர் கைவிட்டாலும், கடைசிவரை காத்திருந்தவரே முதலில் இழப்பார். இலங்கையில் 1935இல் சீட்டுகளுக்கெனத் தனிக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டமை இவ்வாபத்து புதியதன்று என்பதைக் காட்டும். மற்றது, விலையேற்றம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய ஆண்டினும் 69.8 சதவீதம் உயர்ந்திருந்தது. உணவுப் பொருள்களின் உயர்வோ 94.9 சதவீதம். அன்று 50,000 ரூபாயைக் கையிற் பெற்றவர், ஓராண்டுக்கு முன் ஏறக்குறைய 29,500 ரூபாய்க்குக் கிடைத்த பொருள்களையே வாங்க முடிந்தது.

ஆதலின் சீட்டில் சேருமுன் குடும்பத் தலைவியும் தலைவனும் ஒருங்கிருந்து மூன்று மாதச் செலவையேனும் கொப்பியில் எழுதிப் பார்த்தல் நன்று. வருவாய் குறைந்த மாதத்திலும் கட்டக்கூடிய தொகைக்கே சீட்டுச் சேர வேண்டும். ஒரு சீட்டைக் கட்ட மற்றொரு சீட்டை எடுப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும். கட்டிய தொகையையும் திகதியையும் எழுதி, இரு தரப்பாரும் ஒப்பமிடுவது உறவைக் கெடுக்காது, அதனைக் காக்கும்.

நோய், மழைவெள்ளம் போன்றவற்றிற்கான பணத்தைச் சீட்டில் முடக்கலாகாது; அது வேண்டியபோது எடுக்கத்தக்க இடத்தில் இருத்தல் வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய சேமிப்பு வங்கியில் இடும் வைப்புகளுக்கு அரசின் உத்தரவாதம் உண்டு. கூரை வேய்தல், மகளின் படிப்பு முதலிய திட்டமிட்ட தேவைகளுக்குச் சீட்டு, எதிர்பாராதவற்றிற்கு வங்கி. இவ்விரண்டையும் பிரித்தறிந்து நடத்தும் இல்லத்தில் வருவாய் சிறிதாயினும் கடன்காரர் வாயிலில் நிற்பது அரிதாகும்.