தேர்ந்த கையும் தோற்கும் ஆறு

1998 அக்டோபர் 16 அன்று, திபெத்தின் யார்லுங் சாங்போ மலையிடுக்கில் அமெரிக்கக் கயாக் வீரர் டக் கார்டன் ஓர் அருவியில் படகோடு இறங்கினார். அந்த ஆற்றின் கணக்கில் அது பெரிய அருவியே அல்ல. படகு கவிழ்ந்தது. துடுப்பை வீசி நிமிரப் பலமுறை முயன்றும் முடியாமல், நடு ஆற்றின் வேகம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. நாள்கணக்கில் தேடியும் உடல் கிடைக்கவில்லை.

திறமைக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. உடன் போனவர்களில் ஒருவர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஜேமி மெக்கீவன். ஆனால் 1998-இல் அங்கே மழை கடுமை; அவர்கள் எதிர்பார்த்ததைவிட ஆற்றில் வெள்ளம் மிக அதிகம். 2002-இல் கயாக் வீரர் ஸ்காட் லிண்ட்கிரெனின் குழு குளிர்காலத்தில், நீர் வற்றியிருக்கும்போது போய், மேல் மலையிடுக்கைக் கடந்தது. அதற்குக் கீழே ஆறு இன்னும் செங்குத்தாக விழும் இடத்தில் அவர்களும் இறங்கவில்லை. படகுகளைச் சுமந்து மலைக் கணவாய் ஏறிப் போனார்கள். அந்தப் பயணத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த நடைதான்.

அருவி விழும் இடத்தில் நீர் ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பி, விழுந்ததையே மறுபடி அருவியடிக்கு இழுக்கும். அதில் சிக்கியவரை உயிர்காப்புச் சட்டையால் மட்டும் வெளியே கொண்டுவர முடியாது. பாறைகளுக்கு இடையே நீர் புகுந்து போகும், ஆள் போக முடியாது. சிற்றாற்றில் தவறினால் கீழே அமைதியான மடு ஒன்று கிடைக்கலாம். பெருவெள்ளத்தில் அடுத்த அருவிதான் காத்திருக்கும். கைமூட்டு நழுவினாலே போதும், செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே அது உயிர்ப் பிரச்சினை ஆகிவிடும். செயற்கைக்கோள் கருவிக்கும் திறந்த வானம் வேண்டும். செய்தி போய்ச் சேர்ந்தாலும் ஹெலிகாப்டர் இறங்க இடம் இராது. அதனால் நீர்மட்டம் எந்த அளவைத் தாண்டினால் திரும்புவது, எங்கே சுவர் ஏறி வெளியேறுவது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். குழுவில் ஒருவர் "வேண்டாம்" என்றாலும் அவரை வற்புறுத்தாதீர்கள்.

இதே ஆறுதான் அருணாசலப் பிரதேசத்தில் சியாங் என்று இறங்குகிறது. அங்கே போகும் நம்மவர்களுக்கு இன்னர் லைன் பெர்மிட் தேவை. அது நுழைவு அனுமதி மட்டுமே. ஆறு பாதுகாப்பானது என்ற சான்று அல்ல. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டு சேராது. ஹெலிகாப்டர் மீட்புச் செலவு உண்டா என்று பாலிசியில் எழுத்திலேயே பாருங்கள். பணம் வாங்கி அழைத்துப் போகும் நிறுவனம் "எங்களுக்குப் பொறுப்பில்லை" என்ற தாளில் கையெழுத்து கேட்கும். போட்டாலும், அவர்களுடைய கவனக்குறைவால் விபத்து நேர்ந்தால் நீங்களோ உங்கள் வாரிசுகளோ நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று வழக்குப் போடலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம். ரசீது, கையெழுத்திட்ட தாளின் நகல், வழிகாட்டியின் தகுதிச் சான்று ஆகியவற்றை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.