உங்களுக்குத் தெரியுமா? ராகிக் களியும் நாயின் இதயமும்

கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்துக் கிராமங்களில் களி கிண்டினால் நாய்க்கும் ஓர் உருண்டை உண்டு. தோட்டக் காவல் நாய்கள் பல, மோரில் கரைத்த ராகிக் களியிலேயே வளர்ந்தவை. ஓசூர் அபார்ட்மென்ட்டுகளில் வளரும் லேப்ரடாருக்கும் கோல்டன் ரெட்ரீவருக்கும் இன்று பாக்கெட் உணவு. ‘கிரெயின் ஃப்ரீ’ (தானியம் இல்லாதது) என்று அச்சிட்டிருந்தால் விலை கூடினாலும் வாங்குகிறோம், நாய்க்கு நல்லது என்று நம்பி.

அந்தப் பையைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். அரிசி, கோதுமை, சோளம் இருக்காது. அந்த இடத்தில் பட்டாணி, மசூர் பருப்பு, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு இருக்கும். மாவுச்சத்து எங்கும் போய்விடவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது.

இதைக் கவனிக்க வைத்தது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நாய்களுக்கு வரும் ‘டைலேட்டட் கார்டியோமயோபதி’ என்ற இதய நோய் குறித்து 2018 ஜூலையில் அது விசாரணையை அறிவித்தது. இந்த நோயில் இதயத் தசை வலுவிழக்கும், அறைகள் பலூன்போல விரியும், ரத்தத்தைத் தள்ளும் சக்தி குறையும். 2014 முதல் 2019 ஏப்ரல் வரை நாய்களைப் பற்றி வந்த புகார்கள் 515. அந்த நாய்கள் தின்ற உணவுகளில் 90 சதவீதத்துக்கு மேல் கிரெயின் ஃப்ரீ. பட்டாணியோ மசூரோ சேர்ந்தவையும் அதே அளவு. டோபர்மேனுக்கும் கிரேட் டேனுக்கும் இந்த நோய் பரம்பரையாகவே வரும். ஆனால் அந்தப் பட்டியலில் அதிகம் இருந்தது கோல்டன் ரெட்ரீவர்.

அதற்காக, குற்றம் உறுதியாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. புகார்களை மட்டும் வைத்துக் காரணத்தை நிறுவ முடியாது என்று 2022 டிசம்பரில் எஃப்.டி.ஏ.வே சொல்லிவிட்டது. ஆனாலும் உணவை மாற்றி, மருந்தும் கொடுத்தபின் சில நாய்களின் இதயம் தேறியிருக்கிறது. என் வீட்டு நாய்க்கு அந்தப் பையை வாங்காமலிருக்க எனக்கு அது போதும்.

சத்துக் குறைவுதான் காரணமா? டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு தயாரிக்காது. அது குறைந்தால் பூனைக்கு இதே இதய நோய் வரும் என்பது 1987-இல் தெரிந்தது; பூனை உணவில் டாரினைக் கூட்டினார்கள், நோயும் வெகுவாகக் குறைந்தது. நாய் டாரினைத் தானே தயாரித்துக்கொள்ளும். பாதிக்கப்பட்ட நாய்கள் பலவற்றுக்கு ரத்தத்தில் டாரின் சரியாகவே இருந்தது. புதிர் அங்கேதான் நிற்கிறது.

நாய்க்குத் தானியம் செரிக்காது என்பார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாய்க்கு 2 பிரதிதான். நாய்களுக்கு 4 முதல் 30 வரை என்று 2013-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். மனிதனோடு சோறு தின்றே மாறிய உடல் அது.

உணவு அலர்ஜியா? நாய்களுக்கு அதிகம் ஒவ்வாதவை மாட்டிறைச்சி, பால், கோழி. கோதுமை அதற்குப் பிறகுதான்.

களி மட்டும் போதுமா என்றால், போதாது. முட்டையும் மசாலா இல்லாமல் வேகவைத்த கறியும் சேர வேண்டும். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது.

இன்று இரவு நாய் அயர்ந்து தூங்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். விலா ஏறி இறங்குவது ஒரு மூச்சு. ஒரு நிமிடம் எண்ணுங்கள். அடுத்தடுத்த நாட்களிலும் 30-ஐத் தாண்டினாலோ, நடையில் சீக்கிரம் களைத்தாலோ, இருமினாலோ, திடீரென்று மயங்கி விழுந்தாலோ கால்நடை மருத்துவரிடம் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கக் கேளுங்கள். போகும்போது அந்த உணவுப் பையையும் எடுத்துச் செல்லுங்கள்.