பிள்ளைப்பேறின்மை: பெண் மட்டுமா காரணம்?

 

திருமணமாகி ஈராண்டு கழிந்தும் மழலை பிறக்காவிடின், நம் சமூகம் முதலில் பழிப்பது மனைவியையே. சூரா அல்இன்ஸானின் 2ஆம் வசனமோ, மனிதன் கலப்பான துளியிலிருந்து படைக்கப்பட்டதாகக் குறிப்பிடுகின்றது. கலப்பு எனில் இருவருக்கும் அதில் பங்குண்டன்றோ?

பெண்ணின் சூலகத்திலிருந்து மாதந்தோறும் பொதுவாக ஒரு சூல் வெளிப்பட்டுப் பலோப்பியன் குழாயை அடைகின்றது. அதன் ஆயுள் ஏறத்தாழ 24 மணித்தியாலங்களே. விந்தணுக்களோ பெண்ணுடலில் 5 நாட்கள் வரை உயிர்வாழக்கூடும். கோடிக்கணக்கில் புறப்படும் அவற்றுள் ஒன்றே சூலினுள் நுழைகின்றது. தாயின் 23 நிறமூர்த்தங்களும் தந்தையின் 23 நிறமூர்த்தங்களும் அங்கே ஒன்றுசேர்கின்றன. கருக்கட்டல் கருப்பையில் நிகழ்வதாகப் பலர் எண்ணுகின்றனர். அது நிகழ்வது குழாயிலேயே. ஏறத்தாழ ஒரு வாரத்தின் பின்னரே கரு கருப்பைச் சுவரில் பதிகின்றது.

ஆணின் விதைகளை அல்லாஹ் உடலுக்கு வெளியே ஒரு பையில் அமைத்தது ஏன்? விந்தணு உருவாவதற்கு உடல் வெப்பத்திலும் சற்றுக் குறைந்த வெப்பம் தேவை. கடும் வெப்பமும் புகைத்தலும் அதனைப் பாதிக்கும். பிள்ளைப்பேறற்ற தம்பதியருள் ஏறத்தாழ அரைவாசிப் பேரில் ஆணின் குறைபாடும் ஒரு காரணமாகக் காணப்படுகின்றது. தாம்பத்திய ஆற்றல் குன்றாதவருக்கும் விந்தணுக்கள் குறைந்திருக்கலாம். இதை அறிய எளிய விந்துப் பரிசோதனையே முதற்படி. அதற்கு வெட்கப்படும் கணவர், மனைவியை மாத்திரம் வைத்தியரிடம் அலையவிடுவது நீதமாகுமா?

சூரா அஷ்ஷூராவின் 50ஆம் வசனம், தான் நாடியோரை அல்லாஹ் மலடாக்குவதாகவே கூறுகின்றது. பெண்ணை மட்டும் என்று கூறவில்லை. இரண்டாந்தாரம் பற்றிப் பேச்செடுக்கும் உறவினர்கள், கணவர் பரிசோதிக்கப்பட்டாரா என்பதை முதலில் வினவட்டும்.