இடைவெளியை அளந்த பின்பே மூடுங்கள்
பழைய உழவு இயந்திரத்தின் கிளச், கியர்பொக்ஸ் திருத்தம்

இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்கள் பலவற்றுக்கு, ஆண்டுக்கணக்காக மழையிலும் வெயிலிலும் நின்ற உழவு இயந்திரமே மிஞ்சிய பெரிய சொத்து ஆகும். அதனைத் திருத்தி எடுப்பது நல்ல முயற்சியே. ஆனால் காலபோக மழை தொடங்கும் வேளையில் அது வயலில் நின்றுவிட்டால், திருத்தச் செலவோடு ஒரு போகத்தின் விளைச்சலும் போய்விடும். புதிய உதிரிப்பாகம் போட்டும் இயந்திரம் சரியாக ஓடாமைக்கு ஒரு முக்கிய காரணம், பாகங்களுக்கு இடையே விடவேண்டிய இடைவெளியை அளக்காமல் மூடிவிடுவதாகும்.

நமது பகுதிகளில் நன்கு பழக்கமான மசி பேர்குசன் 35, 135 ஆகியவற்றை எடுத்துக்கொள்வோம். இவற்றுக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. எஞ்சினும் கியர்பொக்ஸும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு, அவையே உடலாக இருக்கின்றன. எனவே கிளச்சை மாற்றுவதற்கு இயந்திரத்தை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிழை விட்டு மூடினால் மறுபடியும் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இடைவெளி ஏன் தேவை?

இரும்பு சூடேறும்போது விரிவடையும். சுழலும் பாகங்களுக்கு நடுவே ஒயில் படலம் நிற்பதற்கும் இடம் வேண்டும். இடைவெளி குறைந்தால் பாகம் சூடேறி இறுகும். கூடினால் தண்டு முன்னும் பின்னும் ஆடும். பற்சக்கரங்கள் முழுமையாகப் பொருந்தாமல் பல் தேயும். இவை மிகச் சிறிய அளவுகள். மெக்கானிக்மார் 'ஒரு தௌ' என்று சொல்வது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மில்லிமீற்றர். அப்பியாசக் கொப்பியின் ஒரு தாளே ஏறக்குறைய 4 தௌ தடிப்பு இருக்கும். கண்ணாலும் கையாலும் இதை மட்டிட முடியாது. பீலர் கேஜ் எனப்படும் மெல்லிய தகட்டுக் கட்டு ஒன்று அவசியம்.

கழற்றும்போது

1. தண்டை ஒரு பக்கம் முழுவதும் தள்ளி, பின் மறுபக்கம் இழுத்து, எவ்வளவு ஆடுகின்றது என அளந்து எழுதுங்கள். கழற்றிய பின் இந்த அளவை அறிய முடியாது.

2. வாஷர்களையும், ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளையும் கழற்றிய ஒழுங்கிலேயே கம்பியில் கோத்து, எந்த இடத்துக்குரியவை என்று அடையாளம் கட்டுங்கள். ஒரு பக்கத்து ஷிம் மறுபக்கம் போனால் இரு பக்க அளவும் பிழைக்கும்.

3. ஒயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். பால் போல் இருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. பெயாரிங்குகளில் துருக்குழி உண்டா எனப் பார்க்க வேண்டும். துகள்கள் இருந்தால் காந்தத்தைப் பிடியுங்கள். ஒட்டுபவை பற்சக்கரத்திலோ பெயாரிங்கிலோ இருந்து வந்த இரும்பு. ஒட்டாத மஞ்சள் துகள்கள் புஷ் அல்லது வாஷர் தேய்ந்ததைக் காட்டும்.

பூட்டும்போது

தேய்ந்த வாஷரை முதலில் மாற்றுங்கள். அதன் பின்பே அளந்து ஷிம் போடுங்கள். தேய்ந்த வாஷரை வைத்துக்கொண்டு ஷிம்மைக் கூட்டினால் சில நாட்களில் இடைவெளி மீண்டும் கூடிவிடும். சரியான அளவை அந்தந்த மொடலின் கைந்நூலில் இருந்தே எடுக்க வேண்டும்.

பூட்டிய பின் தண்டு இறுகினால், உடனே ஷிம்மைக் கழற்ற வேண்டாம். முதலில் இவற்றைப் பாருங்கள்: பெயாரிங் அடிவரை இறங்கியுள்ளதா? சேர்க்ளிப் தன் பள்ளத்தில் முழுமையாக அமர்ந்துள்ளதா? ஷிம்மின் கீழ் மண்ணோ பழைய காஸ்கெட் துண்டோ அகப்பட்டுள்ளதா? பெயாரிங் மூடியின் காஸ்கெட்டும் ஓர் அளவுப் பாகமே. உரிய தடிப்பிலும் மெல்லிய கடதாசியில் வெட்டிப் போட்டால் தண்டு இறுகும். தடித்த மட்டையில் வெட்டிப் போட்டால் ஆடும்.

போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். எந்தப் போல்ட்டில் இறுகுகின்றதோ அங்கேயே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். ஓட ஓட இளகிவிடும் என்று விடுவது பெரும் தவறு.

கிளச்

கிளச் தகடு தேயத் தேய, பிங்கர் எனப்படும் சிறு நெம்புகளின் நுனி கிளச் பெயாரிங்கை நோக்கி வரும். ஆகவே மிதிபலகையின் வெற்று ஆட்டம் குறையும். அது இல்லாமற் போனால் பெயாரிங் எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கும். கிளச் வழுக்கி எரியும். வெற்று ஆட்டம் கூடினால் கிளச் முழுமையாக விடாது. கியர் போடும்போது கறகறக்கும். பிங்கர்கள் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் புறப்படும்போது இயந்திரம் நடுங்கும். பிரித்து வைத்திருக்கும்போதே இந்த உயரத்தைச் சமப்படுத்துங்கள்.

இரட்டைக் கிளச் உள்ள மொடல்களில், மிதிபலகையைப் பாதி மிதித்தால் சக்கரமும், முழுவதும் மிதித்தால் பின்புறச் சுழல் தண்டும் நிற்க வேண்டும். முழுவதும் மிதித்தும் பின்தண்டு சுழன்றால் இரண்டாம் கட்ட இடைவெளியைப் பாருங்கள். சூடடிக்கும் இயந்திரம் பூட்டுவோருக்கு இது உயிராபத்தான பிழை.

எல்லாக் குறையும் இடைவெளியால் வருவதல்ல. ஒயில் கசிந்து தகட்டில் பட்டாலும் கிளச் வழுக்கும். அதற்கு சீலை மாற்ற வேண்டும். கியர் தானாகக் கழன்றால் தண்டின் ஆட்டத்தோடு, கியரைப் பிடிக்கும் கவட்டையையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

பாரம் இல்லாமல் சிறிது நேரம் ஒவ்வொரு கியரிலும் ஓட்டி, எஞ்சினை நிறுத்திய பின் பெயாரிங் இருக்கும் இடங்களைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஓரிடம் மட்டும் அதிகம் சுட்டால் அங்கே இடைவெளி போதாது எனச் சந்தேகிக்கலாம். இந்த மொடல்களில் கியர்பொக்ஸும் ஹைட்ரோலிக்கும் ஒரே ஒயிலையே பயன்படுத்துகின்றன. ஆகவே கியரில் உதிரும் துகள் ஹைட்ரோலிக் பம்பையும் கெடுக்கும். முதல் ஓட்டத்துக்குப் பின் ஒயிலை வடித்துப் பார்ப்பது நன்று.

இறுதியாக இரு எச்சரிக்கைகள். இயந்திரத்தைப் பிரிக்கும்போது கல் அடுக்கியோ யக் ஒன்றை மட்டும் நம்பியோ நிறுத்தாதீர்கள். இரு பாதிக்கும் உறுதியான மரக்குற்றிகளும் தாங்கிகளும் வேண்டும். அத்துடன், கைவிடப்பட்ட இயந்திரம் கண்ணிவெடி அகற்றி உறுதிசெய்யப்படாத காணியில் நின்றால், அதனிடம் போகவே வேண்டாம்.

மெக்கானிக்கிடம் வேலை கொடுப்பவர்களும் மூடுவதற்கு முன் ஒருமுறை கராஜுக்குச் சென்று, "இடைவெளி எவ்வளவு வந்தது?" என்று கேட்டு, அந்த அளவைக் கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை குறை தேடும்போது அந்தக் குறிப்பே முதலில் உதவும்.